படிப்பு முடிந்த பின் ஒரு தனிப் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் இலக்கியத் தலைப்பு ஒன்றை எடுத்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் பேசத் தக்கவர்கள் இம்மண்டபத்திலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தவை வண்டிகளின் கால அட்டவணையும் கட்டண விகிதங்களுமே. ஆகவே அவற்றைக் கொண்டு பேசக்கூடிய ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டோம். வெளிநாட்டில் படிப்பை முடித்த பிள்ளை, ஊர் திரும்புவதற்கோ வேலையில் அமர்வதற்கோ முன்னால், ஐரோப்பாவைத் தனியாக, சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க விரும்பினால் பெற்றோர் என்ன செய்வது என்பதே அப்பொருள்.

இது நமக்கு எட்டாத சங்கதி என்று யாரும் எண்ண வேண்டா. மோதி பாக்கில் எந்த வரிசையில் நுழைந்தாலும், மகனோ மகளோ ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ படிக்கும் வீடு ஒன்றாவது தென்படுகிறது. நம் காலத்தில் டில்லி வந்து சேர்வதே பெரும் பயணமாயிருந்தது. இன்று பிள்ளைகள் டில்லியை விமானம் ஏறும் இடமாகவே கருதுகிறார்கள்.

இவ்வழியில் நமக்கு முன்னே சென்ற தமிழர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்த ஏ. கே. செட்டியார் அவர்கள், டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். படிப்பு முடிந்ததும் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குச் செல்லும் 'சமாரியா' என்னும் கப்பலில் தனியாக ஏறினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அதாவது காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நடுக்கடலில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அடிகளைப் பற்றிய படச் சுருள்கள் உலகில் எங்கெங்கே கிடக்கின்றனவோ அவற்றையெல்லாம் தேடிச் சேர்த்து ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுத்துவிடுவது என்பதே அவ்வெண்ணம். அதன் பொருட்டு ஐரோப்பாவையும் தென்னாப்பிரிக்காவையும் சுற்றி அலைந்தார். 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்படம் சென்னையில் வெளியாயிற்று. 1947-இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் அதன் இந்தி வடிவம் நம் டில்லியிலேயே திரையிடப்பட்டது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூல் 1940-இல் வந்தது. ஐரோப்பியப் பயணத்துக்கென்றே 'ஐரோப்பா வழியாக' என்று ஒரு நூலும் எழுதினார். சின்னச் சின்ன வாக்கியங்கள். தம்மைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அந்நூல்களை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டுகிறோம்.

செட்டியார் அவர்கள் கப்பல் சீட்டு வாங்கியபோது காந்திப் படத்துக்காக வாங்கவில்லை. படித்து முடித்தவர் ஒருவர் ஊர் திரும்பும் வழியில் உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டார், அவ்வளவுதான். ஆயினும், இதைக் கேட்டவுடன் பெற்றோர் அனைவரும் மனம் இளகிப் பணத்தை எடுத்து நீட்டிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏன் என்பதற்கு, நம் குடியிருப்பில் சென்ற கோடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டா, குடும்பத்தார் அனுமதி பெற்றே சொல்லுகிறோம்.

நமக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் நண்பரின் மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். வயது இருபத்து நான்கு. இருபத்தெட்டு நாளில் பன்னிரண்டு நாடுகளைத் தனியாகச் சுற்றி வருவதாக ஒரு திட்டம் எழுதித் தகப்பனாருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சார், கல்விக் கடன் தலைக்குமேல் நிற்கிறது. படிக்கும் காலத்திலும் வட்டி நிற்பதில்லை. இந்த நிலைமையில் ஊர் சுற்றுவதா? அதிலும் ஒரு பெண் தனியாகவா?" என்றார்.

அவருடைய கேள்வியைப் பழங்காலத்து மனப்பான்மை என்று தள்ளிவிட முடியாது. கல்விக் கடனில் தவணை கட்டத் தொடங்குவதற்குத்தான் அவகாசம் உண்டு. வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். மாதச் சம்பளக்காரர் அதை மறந்துவிட்டு உறங்க இயலாது. அன்றிரவு அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசினோம். "மாமா, அப்பாவிடமிருந்து ஒரு ரூபாயும் வேண்டாம். பகுதி நேர வேலையில் மிச்சம் பிடித்த ஆயிரத்து அறுநூறு யூரோ இருக்கிறது. ஆனால் அப்பாவின் சம்மதம் இல்லாமல் போக மனம் வரவில்லை" என்றாள். ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் இந்நாளில் அது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகை. அதை அப்படியே கடனுக்குக் கட்டிவிடலாமே என்று தகப்பனார் கேட்டார். கட்டலாம்தான். எனினும் அப்பணம் அவள் உழைத்துச் சேர்த்தது. தன் தேவைகளைக் குறைத்துச் சேர்த்தது. அதில் அவளுக்கு ஒரு பங்கு உரிமை உண்டு என்பது நம் கட்சி. அதே சமயம், கடன் தொகையிலிருந்தோ தகப்பனாரின் சேமநிதியிலிருந்தோ எடுத்துச் செய்யும் சுற்றுலாவுக்கு நாம் வக்காலத்து வாங்கமாட்டோம். கையில் ஐந்நூறு யூரோ இருந்தால் ஐந்நூறுக்கு ஏற்ற ஆறு நாள் பயணம் போதும்.

முடிவில், கணக்கு சரியாக வந்தால் சம்மதம் என்று நண்பர் இறங்கி வந்தார். கணக்குப் போடும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

முதலில் பன்னிரண்டு நாடுகளை வெட்டினோம். ஒரு நகரத்தில் ஒன்றரை நாள் வீதம் ஓடினால் பணம் முழுவதும் ரயிலுக்கும் பேருந்துக்கும் போய்விடும். பார்த்தது நினைவில் நிற்காது. நம்மவர்கள் காசி யாத்திரையில் ஒரே நாளில் பதினாறு கோயில் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலில் எந்தச் சாமி என்று வீட்டுக்கு வந்து விழிப்பதில்லையா? பிராகா, வியன்னா, வெனிஸ், பிளாரன்ஸ், சூரிச், பாரிஸ், கடைசியில் ஜெர்மனியின் ஹாம் நகரம் என்று ஏழு ஊர்களை வைத்துக்கொண்டோம். பதினாறு நாள், பதினைந்து இரவு.

அடுத்தது அனுமதிப் பத்திரங்கள். 1985-ஆம் ஆண்டில் லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியில் இன்று இருபத்தொன்பது நாடுகள் தம்முள் எல்லைச் சோதனையை நீக்கியுள்ளன. அவற்றுள் ஒரு நாட்டில் வசிப்பு அனுமதி பெற்றுப் படிக்கும் மாணவர், அது காலாவதியாகாத வரையில், மற்ற நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இன்றியே பயணம் செய்யலாம். இங்கிலாந்தில் படிப்போருக்கு அந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் சேராதவை. அவர்கள் 90 யூரோ கட்டித் தனி விசா பெற வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பி வராது. இங்கே இன்னொரு செய்தியையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இங்கிலாந்தில் படிப்பு முடிந்து அங்கேயே தங்கி வேலை தேடுவதற்கான பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு தெரிவதற்கு முன் பாரிஸுக்குப் போய்விட்டால், அந்த விண்ணப்பமே திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். இரண்டு வாரச் சுற்றுலா ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே புரட்டிவிடக்கூடிய இடம் இது. அவ்விடத்தில் மாத்திரம் தேதிகளை மும்முறை சரிபாருங்கள்.

இனி ரயில். இதில் சற்று நேரம் தங்கினால் பொறுத்தருள வேண்டும்.

தாமஸ் குக் நிறுவனத்தார் 1873-இல் ஐரோப்பிய ரயில் கால அட்டவணையை வெளியிடத் தொடங்கினார்கள். 2013-இல் அவர்கள் அதை நிறுத்தியபோது, அதன் ஆசிரியர்களே அடுத்த ஆண்டு முதல் தம் முயற்சியில் நடத்தலானார்கள். அதன் பழைய பிரதி ஒன்று நம் மேசையில் இருக்கிறது. அதைப் புரட்டுவதில் உள்ள சுகம் கைத்தொலைபேசியில் இல்லை. ஆனால் இன்றைய வண்டி நேரங்களுக்குக் கைத்தொலைபேசியைத்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பா முழுமைக்கும் ஒரே பயணச் சீட்டு என்ற ஏற்பாடு இரு பெயர்களில் உள்ளது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு 1959-இல் தொடங்கிய யூரெயில். ஐரோப்பாவில் வசிப்போருக்கு 1972-இல் தொடங்கிய இன்டர்ரெயில். எந்நாட்டுக் குடிமகன் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. எங்கே வசிக்கிறார் என்பதையே பார்க்கிறார்கள். ஆகவே ஜெர்மனியில் படிக்கும் நம் பெண்ணுக்கு உரியது இன்டர்ரெயில். இருபத்தேழு வயது வரை இளைஞர் சலுகை உண்டு. ஒரு மாதத்தில் ஏழு பயண நாள் என்ற சீட்டு இளைஞருக்கு 300 யூரோவை ஒட்டி வரும். வசிக்கும் நாட்டுக்குள் வெளியேற ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மாத்திரமே அதில் செல்லும். இரவு வண்டியில் ஏறி மறுநாள் காலை இறங்கினால், ஏறிய நாள் ஒன்றே கணக்கில் சேரும். நள்ளிரவுக்குப் பின் வேறு வண்டி மாறலாகாது. வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு வண்டி இருக்கிறது. படுக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டினாலும் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம்.

இச்சீட்டு கையில் இருந்தால் எல்லா வண்டியிலும் ஏறிவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளில் முன்பதிவுக்கு வேறாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் பெரும்பாலான பகல் வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. இத்தாலியிலும் பிரதேச வண்டிகளில் முன்பதிவு கிடையாது. இரண்டு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவே. டில்லியிலிருந்து சென்னைக்கு 2,180 கிலோமீட்டரை முப்பத்துச் சொச்சம் மணி நேரம் உட்கார்ந்து கடக்கும் நமக்கு இரண்டு மணி ஒரு பொருட்டா?

பிளாரன்ஸிலிருந்து மிலான் வழியாகச் சூரிச்சுக்குப் போகும் பாதையில் நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டது. 2016-இல் திறந்த கோத்தார்டு அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளமுள்ளது. உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். விரைவு வண்டி அதில் புகுந்து போகும். அவள் அதைத் தேர்ந்திருந்தாள். "சுரங்கத்துக்குள்ளே என்னம்மா காட்சி தெரியும்?" என்றோம். 1882-இல் திறந்த பழைய மலைப்பாதை மேலே அப்படியே இருக்கிறது. மெதுவாகச் செல்லும் வண்டி வாசன் என்னும் ஊரருகே மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும்போது, அவ்வூர்த் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் மும்முறை கண்ணுக்குத் தெரியும். இன்டர்ரெயில் சீட்டுக்கு அதில் மேற்கட்டணமும் இல்லை. பழைய பாதையே முடிவாயிற்று. ரயில்வேக்காரனைக் கேட்டால் இப்படித்தான் வரும் என்று நண்பர் சிரித்தார்.

பாரிஸிலிருந்து கலோன் நகரத்துக்கு ஓடும் அதிவேக வண்டியில் இச்சீட்டு உள்ளவருக்கும் முன்பதிவுக் கட்டணம் மிகுதி. ஆகையால் அங்கே பேருந்து என்று வைத்தோம். ஏழு பயண நாளில் ஆறுதான் செலவாகிறது, ஏழாவது கையிருப்பு. கலோனுக்கு அப்பால் ஜெர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டு அவளிடமே உண்டு. 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கிய அச்சீட்டு, 2025-இல் 58 ஆகவும் 2026-இல் 63 ஆகவும் உயர்ந்தது. விரைவு வண்டிகளில் அது செல்லாது; பிரதேச வண்டிகளில் நாடு முழுதும் செல்லும். மாதத்தின் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். 1909-இல் ரிச்சர்டு ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது புயல் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கினால் என்ன என்ற யோசனை அன்று பிறந்தது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி அமைந்தது. நம் பக்கத்துச் சாணக்கியபுரியில் நியாய மார்க்கில் இருக்கும் விடுதியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வெளிநாடு செல்லும் பிள்ளைகள் ஓரிரவு அங்கே தங்கிப் பழகலாம். பலர் சேர்ந்து படுக்கும் அறையில் ஒரு படுக்கைக்கு, ஊரைப் பொறுத்து, 25 முதல் 45 யூரோ ஆகும். பிராகாவில் மூன்று இரவு, சூரிச்சில் ஒரே இரவு என்று பிரித்ததன் காரணம் விளங்கும். வெனிஸில் தீவுக்குள் தங்காமல் ரயில் பாலத்துக்கு இக்கரையில் மெஸ்த்ரேயில் தங்கினால் செலவு குறையும்.

உணவுக்கு நாளொன்றுக்கு 20 யூரோ. விடுதிச் சமையலறையில் சாதம் வடித்துக்கொண்டால் அதுவே மிகுதி. ஊறுகாயும் பருப்புப் பொடியும் தாயார் முன்பே அனுப்பிவிட்டார்கள். பாரிஸில் வட ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பேல் என்னும் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக உள்ளன. தோசை கிடைக்கும், தமிழ்ப் பத்திரிகை கிடைக்கும். ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் அங்கே வீதி வலம் வருகிறது. ஹாம் நகரத்தில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில். போரினால் ஊரை இழந்து சென்றவர்கள் எழுப்பியவை இவை. பிழைப்புக்காக டில்லி வந்து, வீட்டுக்கு ஐம்பது நூறு என்று கொடுத்துக் கோயிலும் பள்ளியும் கட்டிய நமக்கு அவர்கள் பட்ட பாடு புரியும். பயணத்தின் இறுதி நாளை ஹாமில் வைக்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பம்.

அரும்பொருட் காட்சிசாலைகளிலும் ஒரு சேதி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயது நிரம்பாதோர்க்குப் பாரிஸின் லூவ்ர் முதலிய தேசியக் காட்சிசாலைகளில் நுழைவு இலவசம். வசிப்பு அனுமதி அட்டையைக் காட்டினால் போதும். வெளிநாட்டார்க்கோ 2026 ஜனவரி முதல் லூவ்ர் கட்டணம் 32 யூரோ. ஊர் திரும்பிவிட்டுப் பிறகொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்போர் இக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

விடுதிக்கு 490, ரயில் சீட்டுக்கு 300, முன்பதிவுக்கும் பேருந்துக்கும் 120, உணவுக்கு 320, நுழைவுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் 150, எதிர்பாராத செலவுக்கு 150. ஆக 1,530 யூரோ. எழுபது மிச்சம். நண்பர் கூட்டலைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

பணத்தின் கேள்வி தீர்ந்தது. பெண் தனியாக என்ற கேள்வி அப்படியே நின்றது. ஒற்றைத் தடத்தில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி புறப்பட வேண்டுமானால் ஓட்டுநர் கையில் டோக்கன் இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பழைய ஒழுங்கு. அதைச் சொன்னோம். ஒவ்வோர் ஊரிலும் விடுதிக்குள் சென்றதும் ஒரு செய்தி. புறப்படுமுன் ஒரு செய்தி. இடையில் பத்துத் தரம் அழைத்து நச்சரிப்பதில்லை என்று தகப்பனாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய ஊரில் பொழுது சாயுமுன் இறங்குவது. பெண்களுக்கென்றே உள்ள அறைகளில் முன்பதிவு. பாஸ்போர்ட்டின் நகல் வீட்டில் ஒன்று, பெட்டியில் ஒன்று. ஆபத்தில் அழைக்கும் எண் இங்கு போலவே அங்கும் 112. இவ்வளவையும் அவள் ஏற்றாள். "பாரிஸில் நான்கு இரவும் ஒரே விடுதிதானே?" என்று மாத்திரம் தாயார் கேட்டார்கள், ஒரே விடுதிதான் என்றதும் அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

தகப்பனார் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் நம் வாசலில் நின்று, "அந்த மலைப்பாதை வண்டியில் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காரச் சொல்லலாம்?" என்று கேட்டார். அன்றிரவே ரயில் சீட்டு வாங்கப்பட்டது. செப்டம்பரில் அவள் புறப்பட்டாள். பதினாறு நாளில் முப்பத்திரண்டு செய்திகள் வந்தன. நாற்பது யூரோ மிஞ்சியது. அதைத் தகப்பனார் கேட்கவில்லை.

இப்போது அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். கடன் தவணையை அவளே அனுப்புகிறாள். பயணத் திட்டத்தின் பிரதியும் செலவுக் கணக்கும் நம்மிடம் உள்ளன. வரும் கோடையில் பிள்ளைகள் படிப்பை முடிக்கும் வீட்டார், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் வீட்டுக்கு வரலாம். வரும்போது பிள்ளையின் வசிப்பு அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.